லிண்ட்ஸே வைத்த பெயர்கள்

கெர்ஸ்லேக் வீட்டில் பாட்டு நின்றுபோனது இலையுதிர் காலத்தில். யாரும் நிறுத்தவில்லை, எதுவும் பழுதாகவும் இல்லை. ஆள் மார்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் முன்னறையில் அப்படியேதான் நின்றன. பாட்டையெல்லாம் சேமித்து வைத்திருந்த பெட்டி அலமாரிக்குள் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டுதான் இருந்தது. போனது லிண்ட்ஸேயின் கண்.

முழுக்கப் போகவில்லை. ஓரப்பார்வை இருந்தது. வீட்டுக்குள் இடிக்காமல் நடப்பான், தோட்டத்தில் மக்பைப் பறவை வந்து உட்கார்ந்தால் சொல்லுவான். ஆனால் எதை நேராகப் பார்த்தாலும் அதன் நடுவில் ஒரு புகைத் திட்டு. மனைவி ரோண்டாவின் முகமே அந்தத் திட்டுக்குள் போய்விட்டது. எழுத்து சுத்தமாகப் போயிற்று. பாட்டைத் தேடிப் போடுகிற போன் திரையில் ஆல்பம் பெயர்கள் எறும்பு வரிசை மாதிரி ஓடுகின்றன என்றான். அதற்குப் பிறகு அந்தப் போனைத் தொடவே இல்லை.

அடிலெய்டு நகரத்து மலைப்பக்கத்தில் நகராட்சி லாரிகளுக்கு ஸ்பேனர் பிடித்தே வயது போன மனிதன் அவன். வேலை முடிந்து வந்து கை கழுவியதும் ஒரு ஆல்பம், சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. என்ன போடுவது என்பது அவன் முடிவு. நாற்பது வருடத் தாம்பத்தியத்தில் ரோண்டாவுக்கு இருந்த ஒரே உரிமை, அடுப்படியிலிருந்து "கொஞ்சம் குறை!" என்று கத்துவது. இப்போது குறைக்க ஒன்றும் இல்லை. அந்த அமைதி அவளைப் போட்டு அரித்தது.

"என்ன போடட்டும், சொல்லு" என்று ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணும் வேணாம்."

"சும்மா சொல்லேன். பட்டன அமுக்குறதுக்கு எனக்கு என்ன வலிக்கவா போகுது?"

"எனக்கு வலிக்குது ரோண்டா. அதப் போடு, அதில்ல, அதுக்கு அடுத்ததுன்னு உன்ன நிக்க வெச்சுக்கிட்டு... எல்லாத்துக்கும் உன்னக் கூப்பிட வேண்டிய நாள் ஒண்ணு வரத்தான் போகுது. பாட்டயாவது விட்டுடு."

அவளாகவே ஒன்றிரண்டு போட்டாள். அவன் விருந்தாளி மாதிரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டு, முடிந்ததும் "நல்லா இருந்துச்சு, தேங்க்ஸ்" என்றான். லிண்ட்ஸே திட்டினால் சமாளிப்பாள், முறைத்தால் முறைப்பாள். மரியாதையாகப் பேசும் லிண்ட்ஸேயை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது. மத்தியானங்களில் அவன் ஓடாத ஸ்பீக்கர்களுக்கு எதிரே உட்கார்ந்து அப்படியே தூங்க ஆரம்பித்தான். இப்படியே போனால் இந்த மனிதன் எனக்குக் கிடைக்கமாட்டான் என்று அவளுக்குப் பட்டது. அன்றைக்குத்தான் கிரஹாம் பாஸ்கோவுக்குப் போன் செய்தாள்.

கிரஹாம், லிண்ட்ஸே சேர்ந்திருந்த மலையோர ஹை-ஃபை கழகத்தின், அதாவது ஒலிக்கருவிப் பைத்தியங்களின் சங்கத்தின், செயலாளர். தங்கமான மனிதர். ஆனால் கழகத்து ஆட்களிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் கிடைக்காது, வாக்குவாதம்தான் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ரோண்டா சாசேஜ் ரோலைச் சூடு பண்ணி வைப்பதற்குள் முன்னறையில் ஆளுக்கொரு கட்சி ஆகிவிட்டது. ஒருவர் சொன்ன மென்பொருளில் ஒலி ஒரு இம்மிகூடக் கெடாதாம். இன்னொருவர் சொன்னதில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்போது நடுவில் மூச்சு விடுகிற இடைவெளிகூட இருக்காதாம். மாதச் சந்தா நல்லதா, ஒரே தடவையாகக் கட்டித் தொலைப்பது நல்லதா என்பதில் தக்காளி சாஸ் கம்பளத்தில் சிந்தியது.

"எனக்கு ஒரே ஒரு கேள்விதான்" என்றாள் ரோண்டா, தட்டை வைத்துக்கொண்டே. "கண்ணு தெரியாம, யாரையும் கேக்காம, இவரு தானா ஒரு ஆல்பத்தத் தேடிப் போட முடியுமா? அது எதுல முடியும்?"

இத்தனை வருடத்தில் எந்த மென்பொருளைப் பற்றியும் அந்த மூன்று பேரிடமும் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்லை.

கிரஹாம்தான் கடைசியில் தொண்டையைச் செருமினார். "வாயால சொன்னா போடுற மாதிரி ஒண்ணு இருக்கு. என் வீட்டுல அதுதான். ஒரு மாசம் ஓசியாவே ஓட்டிப் பாக்கலாம். லிண்ட்ஸே, போடட்டுமா?"

மூலையில் உட்கார்ந்திருந்த லிண்ட்ஸே, "போட்டுத்தான் பாரேன்" என்றான். அன்று காலை அவன் சவரம் செய்திருந்ததை ரோண்டா அப்போதுதான் கவனித்தாள். அவள் மனசு குதித்தது.

இங்கே லிண்ட்ஸேயின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அவன் தன் சிடிக்களையெல்லாம் வருடக்கணக்காக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் ஏற்றியவன். ஆனால் அட்டையில் இருந்த பெயரை ஒன்றுக்குக்கூட வைக்கவில்லை. யார் பாடினது, எந்த வருடம், எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அவனுக்கு வேண்டாத விஷயம். 'தகரக் கூரை மழை' என்று ஒன்று. 'ரோண்டா தூங்கினப்புறம்' என்று ஒன்று. அவனுடைய கால்பந்து அணியை வைத்து 'நார்வுட் தோத்த சனிக்கிழமை', 'பல் பிடுங்கின நாள்', 'ட்ரம்பெட்காரன் அழறான்' என்று இப்படியே ஆயிரத்துக்கு மேல். பெற்ற பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கத் திணறியவனுக்கு இதில் மட்டும் தட்டுப்பாடே வந்ததில்லை.

கிரஹாம் போட்ட மென்பொருள் அலமாரிப் பெட்டியைத் துழாவிப் பார்த்துவிட்டு, இதில் எந்த ஆல்பமும் எனக்குத் தெரிந்த பெயரில் இல்லையே, சரிசெய்யட்டுமா என்று கேட்டது. கிரஹாமைப் போன்ற ஆளுக்குத் தப்பான பெயர் என்பது கோணலாக மாட்டின படம். பார்த்தால் கை சும்மா இருக்காது. நண்பனுக்குச் செய்கிற உபகாரமாக நினைத்து, சரி என்று அழுத்தினார். சாசேஜ் ரோல் தீர்வதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"இப்பக் கேளு லிண்ட்ஸே. வாயத் திறந்து கேட்டாப் போதும்!"

லிண்ட்ஸே நிமிர்ந்து உட்கார்ந்தான். கொஞ்சம் கூச்சத்தோடு, பெட்டி இருக்கிற பக்கம் பார்த்து, "தகரக் கூரை மழை" என்றான்.

"மழைச் சத்தம். ஆழ்ந்த தூக்கத்துக்கு, பத்து மணி நேரம்" என்றது பெட்டி. சொல்லிவிட்டு இணையத்திலிருந்து நிஜமாகவே மழையைக் கொண்டுவந்து கொட்டியது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ரோண்டா தூங்கினப்புறம்" என்றான் லிண்ட்ஸே, இன்னும் சத்தமாக.

தொட்டில் பாட்டு வந்தது. இந்தத் தடவை மூன்று பேருக்கும் அடக்க முடியவில்லை. லிண்ட்ஸே மட்டும் சிரிக்கவில்லை.

"நான் வெச்ச பேரெல்லாம் எங்க?"

"எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்ப்பா!" என்றார் கிரஹாம் பெருமையாக. "ஒண்ணுகூட விடல. பாடினவங்க, வருஷம், அட்டைப் படம், எல்லாம் கச்சிதமா..."

"சரி பண்ணிட்டே" என்றான் லிண்ட்ஸே. எழுந்து, கதவு நிலையைக் கையால் தடவிக்கொண்டு, பின்கட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டான்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பது கிரஹாமுக்கு அப்போதுதான் உறைத்தது. பதறிப்போய் இன்னொரு பிரதியைத் தேடினார். இருந்தது. அதே அலமாரியில், முதல் பெட்டியில் எது மாறினாலும் அதை உடனே தானும் மாற்றிக்கொள்கிற விசுவாசமான பிரதி. அதிலும் ஒரு பழைய பெயர் மிச்சமில்லை. அவருடைய கழுத்து சிவந்துவிட்டது. "ரோண்டா, நான்... நல்லது பண்றதா நெனச்சு..." என்றவரை அவள் என்னவென்று திட்டுவது? மிச்சமிருந்த லாமிங்டன் கேக்கைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

சாயங்காலம் லிண்ட்ஸே உள்ளே வந்தான். குரலில் கோபமே இல்லை. "அந்த ஸ்பீக்கர வித்துரு ரோண்டா. சும்மா இடத்த அடைச்சுக்கிட்டு நிக்குது."

அவள் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுகை நின்றபோதுதான் மூன்றாவது பிரதி ஞாபகம் வந்தது.

மலையில் பெருந்தீ வந்து போன வருடம் கழகத்தில் ஒரு வழக்கம் போட்டார்கள். ஒருவருடைய பாட்டுகள் முழுவதற்கும் ஒரு பிரதி, மலைக்கு அந்தப் பக்கத்திலிருக்கும் இன்னொருவர் வீட்டில் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் எரிந்தாலும் ஒன்று மிஞ்சும். லிண்ட்ஸேயின் ஹார்டு டிஸ்க் கழகத்து நண்பர் நெவில் நோஸ்கே வீட்டில், நோஸ்கேயுடையது இங்கே.

அதற்கப்புறம் இருவருக்கும் பேச்சு நின்றது தனிக்கதை. லிண்ட்ஸே ஒருமுறை கையைக் கடிக்கிற விலைக்கு ஒரு மின்வயர் வாங்கினான். அதைப் போட்டால் பாட்டு துலக்கி வைத்த பித்தளை மாதிரி ஆகிவிடுகிறது என்று கழகம் முழுக்கச் சொல்லித் திரிந்தான். நோஸ்கே ஒரு நாள் எல்லாரையும் கூட்டி, லிண்ட்ஸேயைத் திரும்பி உட்காரவைத்து, பழைய வயரையும் புது வயரையும் மாற்றி மாற்றி மாட்டுவதாகச் சொன்னார். "இதோ, இப்பப் புதுசு! என்ன தெளிவு!" என்று லிண்ட்ஸே பூரித்தான். நோஸ்கே எந்த வயரையும் தொடவே இல்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. லிண்ட்ஸே முகத்தில் ஈயாடவில்லை. அதோடு சரி. டிஸ்க்குகளைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றால் அதற்கும் பேச வேண்டுமே. அதனால் அவை இருந்த இடத்திலேயே இருந்தன.

மறுநாள், வேலை பார்க்கும் நாற்றுப்பண்ணைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ரோண்டா மலையைச் சுற்றிக்கொண்டு காரை ஓட்டினாள். நோஸ்கே கதவைத் திறந்தார். தொலைபேசி இலாகாவில் கம்பி இழுத்து ஓய்வு பெற்ற ஒல்லி மனிதர். அவளைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"போயிட்டானா?"

"இல்ல நெவில். அத விடக் கொஞ்சம் மோசம்."

அடுப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் உள்ளே போய், தட்டு துடைக்கும் துணியில் சுற்றிய டிஸ்க்கோடு வந்தார்.

"வருஷத்துக்கு ஒரு தடவ ஓட்டிப் பாப்பேன். சும்மாவே வெச்சா இறுகிப் போயிரும்."

"சண்ட போட்டப்புறமுமா?"

"சண்ட அவனோடதானே? டிஸ்க்கு என்ன பண்ணிச்சு?" துணியைப் பிரித்தவர், தலை நிமிராமல் கேட்டார். "என்னோடது... தூக்கிப் போட்டுட்டானா?"

"போன கோடையில தீ வருதுன்னு கிளம்பச் சொன்னாங்கல்ல? காருல அவரு முதல்ல ஏத்தினது உங்க டிஸ்க்கத்தான். என் அம்மா குடுத்த நகையெல்லாம் அதுக்கப்புறம்."

நோஸ்கே எழுந்து பூட்ஸைத் தேய்த்துக்கொண்டே அடுப்புக்குப் போனார். டீக்குக் கெட்டிலை ஏற்றினார்.

"கிரஹாமோடது நல்ல சாஃப்ட்வேர்தான். ஆனா அதுக்குத் தான் அறிவாளின்னு நெனப்பு. நான் ஓட்டுறது இலவசம், பாக்க அசிங்கமா இருக்கும், ஒரு மண்ணும் தெரியாது. ஃபோல்டருக்கு நீங்க என்ன பேரு வெச்சீங்களோ அதயே காட்டும், ஒரு எழுத்துத் தொடாது. கழகத்துல எல்லாரும் கேலி பண்ணாங்க, உங்க ஆளு உட்பட. அதுக்கு ரேடியோவுல இருக்குற மாதிரி ஒரு திருகுகுமிழ் வெச்சுத் தரேன். திருகினா ஒவ்வொரு பேரா அதுவே சொல்லும், அமுக்கினா பாடும். பேர எல்லாம் நீங்க படிச்சுப் பதிஞ்சு குடுத்துருங்க. உங்களுக்கு நல்ல குரல்."

"நான் வேணாம்" என்றாள் ரோண்டா. சொன்ன வேகம் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "என் குரல் வந்தா மறுபடியும் நான்தான் எடுத்துக் குடுக்குற மாதிரி."

நோஸ்கே யோசித்தார். "ஆமா" என்றார். "அப்ப அவனே பேசட்டும்."

அவர் வருவதை லிண்ட்ஸேயிடம் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த நாள் முன்னறை வாசலில் நோஸ்கே வந்து நின்றதும் லிண்ட்ஸே தலையைச் சாய்த்தான்.

"நோஸ்கே."

"எப்படிக் கண்டுபுடிச்சே?"

"நீ பூட்ஸத் தேய்க்கிற தேய்ப்பு. கண்ணுதான் போச்சு, காது இருக்கு."

"காது அந்த வயரு வாங்கினப்பவே போயிருச்சுன்னுல்ல நெனச்சேன்?"

பாவி மனுஷா, வந்த காலோடு கெடுத்தாயே என்று ரோண்டா பல்லைக் கடித்தாள். லிண்ட்ஸேயின் தோள் குலுங்கியது. சிரிக்கிறான்! இலையுதிர் காலத்துக்குப் பிறகு முதல் தடவையாக, இருமல் வருகிற அளவுக்குச் சிரிக்கிறான்.

"யோவ், அன்னிக்கு நீ மாத்தவே இல்லேல்ல?"

"தொடவே இல்ல."

"என்னத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிருக்கலாம்" என்றார் நோஸ்கே. "அத்தன பேரு முன்னாடி அப்படிச் செஞ்சது தப்பு, லிண்ட்ஸே."

"ம்" என்றான் லிண்ட்ஸே. அந்த ஊர் ஆண்களுக்கு அது பெரிய சமாதான ஒப்பந்தம். "சரி, உக்காரு. என்ன கொண்டாந்திருக்கே?"

அந்தக் குளிர்காலம் முழுக்க நோஸ்கே மத்தியானங்களில் வந்தார். அவர் ஒரு பெயரைப் படிப்பார், லிண்ட்ஸே அதை மைக்கில் தன் குரலில் சொல்லுவான். அடுத்தது. அடுத்தது. அடுப்படியிலிருந்து ரோண்டாவுக்கு எல்லாம் கேட்கும். ஒரு நாள் படிப்பு நடுவில் நின்றுவிட்டது.

"என்னய்யா, படி."

"இத நான் படிக்க மாட்டேன்."

"படியேன், என்னன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

நோஸ்கே விறைப்பாகப் படித்தார். "'நோஸ்கே குடுத்த குப்பை. நல்லாத்தான் இருக்கு, அவன்கிட்ட சொல்லாதே.'"

லிண்ட்ஸே மைக்குக்குக் குனிந்து, ஒரு சொல்லையும் விடாமல், தேவாலயத்தில் வாசிப்பதைப் போல நிதானமாக அதைச் சொல்லிப் பதிந்தான்.

ஆனால் டிஸ்க்கில் இருந்தவை சண்டைக்கு முன்னால் ஏற்றியவை மட்டுமே. அதற்குப் பிறகு சேர்த்த ஆல்பங்களுக்கு லிண்ட்ஸே வைத்த பெயர் எங்குமே மிச்சமில்லை, அவனுக்கும் ஞாபகம் வரவில்லை. "பிரச்சன இல்ல, போட்டுக் கேப்போம், புதுசா வெச்சுக்கோ" என்றார் நோஸ்கே. அப்படித்தான் அந்த வீட்டில் மறுபடி பாட்டு கேட்டது. கால் பாட்டு, அரைப் பாட்டு, நடுவில் இரண்டு கிழவர்களின் தகராறு. இதற்கு 'வாடகைக்கு வந்த பிசாசு' என்று வை என்று ஒருவர், போய்யா என்று இன்னொருவர். ரோண்டா குறைக்கச் சொல்லிக் கத்தவே இல்லை. காரட் நறுக்கிக்கொண்டே நன்றாகச் சிரித்தாள்.

செத்துப்போன ஆம்ப்ளிஃபயர் ஒன்றிலிருந்து கழற்றிய கனமான உலோகத் திருகு ஒன்றைச் சின்ன மரப்பெட்டியில் பொருத்தி, வசந்தம் தொடங்கும்போது நோஸ்கே கொண்டுவந்து கொடுத்தார். லிண்ட்ஸே அதை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தான். "நீங்க ரெண்டு பேரும் இருக்கும்போது நான் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டான். நோஸ்கேக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் புரிந்துகொண்டு கிளம்பிப் போனார். இரண்டு நாள் அந்தப் பெட்டி தொடப்படாமலே கிடந்தது. ரோண்டாவும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

மூன்றாம் நாள் நாற்றுப்பண்ணையிலிருந்து வந்து வீட்டு வாசலில் காரை நிறுத்தினாள். முன்னறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். கேட்டால், லிண்ட்ஸேயின் குரல்தான், பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தது. திருகு நகரும் சத்தம், ஒரு பெயர். மறுபடி சத்தம், இன்னொரு பெயர். ஒரு இடத்தில் நின்றது. அழுத்திவிட்டான் போலிருக்கிறது. பித்தளை வாத்தியங்கள் திடீரென்று அலறின.

"சே! அடச் சனியனே, இதில்ல!" என்று கத்தினான் நிஜ லிண்ட்ஸே.

ரோண்டாவின் கை கார்க் கதவில் இருந்தது. ஓடிப்போய் எடுத்துக் கொடுக்கக் கால் துடித்தது. கதவைத் திறந்தால் அவனுக்குச் சத்தம் கேட்டுவிடும். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மறுபடியும் தப்பாகப் போட்டான், மறுபடியும் திட்டினான். யாரையும் கூப்பிடவில்லை. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

திருகு மெதுவாக நகர்ந்தது. பெயர் ஒன்று வந்தது, அவளுக்குச் சரியாகக் காதில் விழவில்லை. ஒரு பெண் பாட ஆரம்பித்தாள். உள்ளேயிருந்து திட்டு வரவில்லை. நாற்காலி கிறீச்சிட்டது, அவன் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். ரோண்டா கார் ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டுக்கொண்டு அந்த ஆல்பம் முடிகிறவரை காரிலேயே உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் திருகு மறுபடி நகர்ந்தது. அவன் அடுத்து என்ன போடப் போகிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை.